செசிலி திங்காத மீன்

ஜன்னல் சீட்ட நீங்களே வச்சுக்கிடுங்க தம்பி, எனக்கு வேண்டாம். இருபத்தேழு வருஷமா ஜன்னலே இல்லாத அடுக்களையில நின்னு பழகினவன் நான். ஓடுத வண்டியில வெளிய பாத்தேன்னா தலை கிறுகிறுன்னு வரும். மதுரைக்கா? நானும் அங்கனதான். மண்டேலா நகர்ல எறங்கி ஏர்போட்டுக்குப் போவணும். மூணு மணிக்கு பம்பாய் பிளேனு. நாளைக்குக் கப்பல்.

கப்பல்னதும் தோள்ல பட்டி வச்ச ஆபீசர்னு நெனச்சிராதிய. சமையக்காரன். சீஃப் குக்கு, கஸ்பார் மச்சாது. கரையில சமையக்காரன்னா கொஞ்சம் எளக்காரந்தான். கப்பல்ல அப்படியில்ல. என்ஜின் நின்னா ரெண்டு நாளு பொறுத்துக்கிடுவானுவ, சாப்பாடு ஒரு மணி நேரம் பிந்தினா அடிதடிக்கு வந்துருவானுவ.

கல்யாணம் ஆயிட்டா ஒங்களுக்கு? ஆவலயா. அப்ப கேட்டு வச்சுக்கிடுங்க, பின்னால ஒதவும். ஒரு பொம்பள, ஒரு துண்டு மீன, ஒரே ஒரு துண்டு, வாயில வைக்கமாட்டேன்னு ஆறு மாசம் ஒருத்தன்கூட மல்லுக்கு நிப்பாளா? என் பொண்டாட்டி நின்னா. செசிலின்னு பேரு. இன்னைக்குக் காலையில நான் பையத் தூக்கிட்டு எறங்குதேன், வாசல் வரைக்கும் வந்தா, கேட்டு வரைக்கும் வரல. நானும் திரும்பிப் பாக்கல. பாத்தேன். ஒருதடவ பாத்தேன். உள்ள போயிட்டா.

எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம் தம்பி. என் கையால செஞ்ச அந்த மீனுல ஒரு துண்டத் தின்னுட்டு, நல்லாருக்குன்னோ நல்லால்லன்னோ ஒரு வார்த்த. அதுக்குத்தான் ஆறு மாசம் அந்த அடுப்படியில கெடந்தேன்.

என்ன மீனுன்னு கேக்க மாட்டேங்கியளே. சரி, நானே சொல்லுதேன்.

நல்ல வெளமீனா, ஒண்ணரக் கிலோவுல ஒண்ணு. தூத்துக்குடி திரேஸ்புரத்துக் கடக்கரையில ஏலம் எடுக்கையிலேயே செவுளத் தூக்கிப் பாத்து வாங்கிருவேன். நடுமுள்ள ஒட்டிக் கத்திய விட்டு ரெண்டு பக்கத்துச் சதையையும் அப்படியே உரிச்சு எடுக்கணும். தோலு இருக்கணும், முள்ளு ஒண்ணுகூட இருக்கப்படாது. வெரல வச்சுத் தடவிப் பாத்தாத் தெரியும். பெறவு துணியால ஒத்தி எடுக்கணும். இதுலதான் முக்காவாசிப் பேரு கெடுத்துப்போடுவான். ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் மீனு வெந்துருமே தவிர முறுவாது. அப்புறம் உப்பு, நல்லமொளகு. கப்பல்ல காஞ்ச எலயெல்லாம் டப்பா டப்பாவா இருக்கும், அதத் தூவுவேன். இங்க அதுக்கு எங்க போவ? புதினா, கொத்தமல்லி, அப்புறம் எங்க வீட்டுப் பின்னால செசிலி ஒரு தொட்டியில கற்பூரவள்ளி வச்சிருக்கா, அது. பொடிப்பொடியா அரிஞ்சு மீனு மேல அமுக்கி வச்சிரணும். கல்லு பொகையுத சூட்டுல எண்ணெய விட்டு, தோலுப் பக்கம் கீழ இருக்க மாதிரிப் போட்டுட்டு, கையக் கட்டிக்கிட்டு நிக்கணும். தொடவே கூடாது. கிண்டக்கூடாது, தள்ளக்கூடாது. நேரம் வந்தா மீனு தானே கல்ல விட்டுரும். அப்பத் திருப்பிப்போட்டு, அம்பது எண்ணி எடுத்துரணும்.

இப்ப, இதுக்கு மேலதான் நம்ம ஆளுவளுக்குப் பொறுக்காது. திங்கக்கூடாது. ஆற வைக்கணும். நல்லா ஆறினப்புறம் எலுமிச்சஞ்சாறு, நல்ல எண்ணெ கொஞ்சம், மெல்லிசா சீவின வெங்காயம், எல்லாம் மேல போட்டு மூடி ஃபிரிட்ஜுல ஒரு ராத்திரி. மறுநா மத்தியானம் எடுத்து, ஒரு கால் மணி நேரம் வெளிய வச்சு, சில்லுன்னு சாப்பிடணும். சூடு பண்ணினா போச்சு, நாறிரும். உப்பு மட்டும் ஒரு நுள்ளு கூடப் போடணும். ஆறின பண்டத்துல உப்பு மங்கிரும். இது எந்தப் புஸ்தகத்துலயும் இருக்காது, நானா கண்டுபிடிச்சது.

எங்க கேப்டன் ஒருத்தரு, நார்வேக்காரரு, ஹோல்ம்னு பேரு. பனமரம் ஒசரம் இருப்பாரு, சிரிக்கவே மாட்டாரு. அவரு இந்த மீனத் தின்னுட்டு கேலிக்குள்ள வந்து, கேலின்னா கப்பல் அடுக்களை, தொப்பியக் கழத்தினாரு தம்பி. எனக்கு முன்னால. தொப்பியக் கழத்தினாரு, மாட்டினாரு, போயிட்டாரு. அத நான் செசிலிட்ட ஒரு நூறு தடவ சொல்லியிருப்பேன். அவ சொல்லுதா, "அவருக்குத் தலையில வேர்த்திருக்கும்"ங்கா.

அப்படிப்பட்ட ஆளு அவ.

ஜனவரியில வந்தேன். இனிமே போவமாட்டேன், இதான் கடேசின்னு சொல்லிட்டுத்தான் வந்தேன். முன்னாலயும் ரெண்டு மூணு தடவ அப்படிச் சொன்னதுண்டு, அது வேற விஷயம். அப்பல்லாம் சூழ்நில அப்படி, கம்பெனியில கூப்பிட்டானுவ, போனேன். இந்தத் தடவ மனசார சொன்னேன். எங்களுக்குப் பிள்ள இல்ல. மாதா குடுக்கல, சரின்னு விட்டுட்டோம். அவ ஒருத்தி, நான் ஒருத்தன், வீடு ஒண்ணு. ஒக்காந்து ருசியா ஆக்கித் தின்னுட்டுக் கெடப்போம்னுதான் வந்தேன்.

வந்த மூணாம் நாளே வெளமீனு வாங்கியாந்துட்டேன். அவ தோசக்கல்லுலதான் போட்டேன், வேற கனமான கல்லு எங்க இருக்கு வீட்டுல? அதுக்கு ரெண்டு நாளு மொகத்தத் தூக்கி வச்சுக்கிட்டா. சரி, நம்ம மேல தப்பு, ஒத்துக்கிடுதேன். மறுநா மத்தியானம் வெள்ளத் தட்டுல நாலு துண்ட வரிசையா வச்சு, எலுமிச்சம்பழத்த வட்டமா அரிஞ்சு மேல வச்சு, மேசையில கொண்டு வச்சேன். பாத்தா. குனிஞ்சு மோந்து பாத்தா. "ஏங்க, இது இருமலுக்கு வச்ச செடில்லா?"ன்னா. சிரிச்சா. நானும் சிரிச்சேன். "சாப்பிட்டுப் பாரு"ன்னேன். "நீங்க சாப்பிடுங்க"ன்னுட்டு ரசத்தையும் சோத்தையும் எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டா.

மொத நாளு, போட்டும்னு விட்டுட்டேன்.

அடுத்த வாரம் பாறையில செஞ்சேன். திங்கல. சீலாவுல செஞ்சேன். திங்கல. புதினா பிடிக்கலபோலன்னு அத விட்டுட்டு வெறும் கொத்தமல்லியில செஞ்சேன். ம்ஹூம். அப்புறம் தவக்காலம் வந்துட்டு, சரி, நோம்பு ஒறுத்தல்னு இருக்கா, ஈஸ்டர் பாஸ்கா வரைக்கும் கேக்கப்படாதுன்னு வாயப் பொத்திக்கிட்டு இருந்தேன். பாஸ்கா முடிஞ்ச மறுநா வச்சேன். நாலு துண்டுன்னா நாலு துண்டும் தட்டுல அப்படியே கெடக்கு.

நீங்க கேப்பிய, அவளுக்கு மீனே ஆவாதோன்னு. அவளுக்கா? மீனுன்னா உசிரு தம்பி. நான் லீவுக்கு வருவேன், ஒம்போது மாசம் கப்பலு, ரெண்டு மாசம் வீடு. அந்த ரெண்டு மாசமும் அவ மீனு திங்கதப் பாக்கணுமே! தலைய வாங்கி, கண்ணு வரைக்கும் உறிஞ்சிருவா. முள்ளக்கூட விடமாட்டா. ஏளே, இத்தன நாளா பட்டினியா கெடந்தியான்னு நானே கேலி பண்ணியிருக்கேன். சிரிப்பா. அப்படித் தின்னவ.

இப்பவும் எனக்கு மீன் கொழம்பு வைக்காம இல்ல. வாரத்துல நாலு நாளு வைப்பா. எனக்கு வெளம்பிட்டு அவ பெறவு சாப்பிடுவா. நான் சாப்பிட ஒக்காந்தா நாலு நிமிஷம், எந்திச்சுருவேன். சமையக்காரன் ஒக்காந்து சாப்பிட்டுப் பழக்கம் கெடையாது. பெறவு அவ என்ன தின்னா, எவ்வளவு தின்னா, யாரு பாத்தா? கொழம்புச் சட்டியில எத்தன துண்டு கெடக்குன்னு எவன் எண்ணுவான்? என் தட்டுல நாலு வச்சேன், நாலு கெடக்குது, அதுதான் எனக்குத் தெரிஞ்சுது.

அதனால, ஆற வச்சதுதான் பிடிக்கலன்னு முடிவு பண்ணிட்டேன். அங்கதான் எனக்குக் கோவம். நேத்து வச்ச மீன் கொழம்பு, ஏடு கட்டிக் கெடக்கும், அத பழைய சோத்துல ஊத்தி ஆகா ஓகோன்னு தின்னுவிய. அது ஆறினது இல்லியா? அது எந்த அடுப்புல சுட்டுக்கிட்டு இருக்கு? ஆறின கொழம்புன்னா அமிர்தம், ஆறின மீனுன்னா அசிங்கமா? நீங்களே சொல்லுங்க. அவட்ட கேட்டேன். "எதுக்கு அத ஆற வைக்கணும்?"னு திருப்பிக் கேக்கா.

நான் பொறுமையா சொன்னேன். கப்பல்ல எல்லாரும் ஒண்ணா ஒக்காந்து திங்க முடியாது. நாலு மணி நேரத்துக்கு ஒருக்கா ஆளு மாறும். ஒருத்தன் வேல முடிஞ்சு வாரப்ப இன்னொருத்தன் தூங்கிக்கிட்டு இருப்பான். அவனவனுக்கு ஒரு தட்டு, மேல பேரெழுதி ஃபிரிட்ஜுல வச்சிருவேன். எப்ப வாரானோ அப்ப எடுத்துத் திம்பான். அதுக்குத் தோதா ஆறினாலும் ருசி கெடாத பண்டம் இதுன்னு சொன்னேன். அவ காய் அரிஞ்சுக்கிட்டு இருந்தவ நிமிந்து பாத்துட்டு, "அப்ப ஆளில்லாதவன் திங்க சாப்பாடுன்னு சொல்லுங்க"ங்கா. பாத்தியளா, எப்படித் திரிக்கான்னு! ஆபீசர் சாப்பாடு அது. ஆளில்லாதவன் சாப்பாடாம்.

என்ன சொல்லிக்கிட்டு இருந்தேன்? எட்டயபுரம் தாண்டிட்டா? சரி.

அவளுக்கு என்ன கொற வச்சேன்னு நானும் யோசிச்சுப் பாத்துட்டேன் தம்பி. வீட்டுல நான் ஒரு தொந்தரவு கெடையாது. காலம்பற என் காப்பிய நானே போட்டுக்கிடுவேன். என் தட்ட நானே கழுவிருவேன். துணியக்கூட அவள எடுத்து வைக்க விடமாட்டேன். வந்த புதுசுல, "பெட்டியப் பிரிங்க, சட்டையெல்லாம் பீரோவுல அடுக்குதேன், எடம் ஒழிச்சு வச்சிருக்கேன்"னா. எதுக்கு? பெட்டியில மடிச்சது மடிச்சபடி கெடக்கு, வேணுங்கறப்ப ஒண்ண எடுத்து உடுத்திக்கிட்டு, தொவச்சு அங்கனயே வச்சிருவேன். கட்டிலுக்குக் கீழ தள்ளினா கண்ணுலயே படாது. அவளுக்கு ஒரு வேல மிச்சம். திரும்பத் திரும்பக் கேட்டா, நாலஞ்சு தடவ. பெறவு கேக்குறத விட்டுட்டா. பீரோவுல எனக்குன்னு ஒழிச்ச அந்தத் தட்டு இன்னும் சும்மாத்தான் கெடக்கு.

மே மாசம் பம்பாய்லருந்து போனு. பழைய ஏஜெண்டு. கஸ்பார், நல்ல கப்பல், ஆறே மாசம், ஒன்ன மாதிரி ஆளு கெடைக்கலங்கான். நான் மொட்ட மாடிக்குப் போயிப் பேசினேன். அவளுக்கு வீணா எதுக்குக் கவலன்னுதான். முடியாதுன்னும் சொல்லல, சரின்னும் சொல்லல. பெறவு ஒருதரம் பேசினான். பெறவு ஒருதரம். ஒவ்வொரு தடவையும் நான் மாடிக்குப் போயிருவேன், அவளுக்கு ஒண்ணுமே தெரியாது. கீழ எறங்கி வந்தா துணி காயப்போட்டியளா மாடியிலன்னு கேப்பா. இல்லன்னுவேன். அவ்வளவுதான்.

ஜூன் கடேசியில சரின்னுட்டேன். ஏன் சரின்னேன்? அங்க நான் வச்சா நாலு பேரு திங்கான் தம்பி. தட்டு காலியா வரும். கழுவுறதுக்கே ஒண்ணும் மிஞ்சாது. இங்க நான் நாலு துண்ட வைக்கேன், நாலு துண்ட நானே நின்னுக்கிட்டுத் திங்கேன். எத்தன நாளைக்கி?

நீங்க சின்னப் பிள்ள, ஒங்களுக்கு அது தெரியாது. பக்கத்து ரூம்ல ஆளு இருக்கும்போது தனியா இருக்கது இருக்கே, நடுக்கடல்லகூட அப்படி இருக்காது.

கடேசியா ஒரு காரியம் செஞ்சேன். போன ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சதும் என் கொழுந்தியாளச் சாப்பிடக் கூப்பிட்டேன். மெற்றில்டா, செசிலிக்கு நேர் எளையவ, ரெண்டு தெரு தள்ளித்தான் இருக்கா. அவ நாக்கு நீளம், உள்ளத உள்ளபடி சொல்லுவா. அவ தின்னு நல்லாருக்குன்னு சொன்னா செசிலி ஒரு துண்டாவது எடுப்பாளேன்னு கணக்குப் போட்டேன். மூணு தட்டு வச்சேன். மெற்றி ஒரு துண்டத் தின்னா. கண்ண மூடினா. "அத்தான், இத நீங்க எங்கயோ இருக்க வெள்ளக்காரனுவளுக்குப் போட்டுருக்கியளே இத்தன வருஷமா!"ன்னா. ரெண்டாவது துண்டும் எடுத்துட்டா. நான் செசிலியப் பாக்கேன். அவ தட்டுல சோறு, பருப்பு, அவரைக்காப் பொரியல். மீனு தட்டு ஓரத்துல கெடக்கு.

எனக்குப் பொத்துக்கிட்டு வந்துட்டு. மேசைய ஒரு தட்டு தட்டினேன், தம்ளரு உருண்டு போச்சு. "ஒலகத்துல இல்லாத நாட்டுக்காரனெல்லாம் திங்கான், ஒனக்கு மட்டும் என்னளே? என் கையில என்ன, குஷ்டமா?"ன்னு கத்திட்டேன். அவ கத்தல. தம்ளர எடுத்து நிமித்தி வச்சா. வச்சுட்டு, "நீங்க இன்னும் வரலல்லா"ன்னா.

வரலயா! குத்துக்கல்லு மாதிரி முன்னால ஒக்காந்திருக்கேன், வரலங்கா. "கிறுக்குப் பிடிச்சிருக்கா ஒனக்கு? வரப்போறதில்லதான். வார சனிக்கெழம கெளம்புதேன், டிக்கெட்டு வந்தாச்சு"ன்னேன். அப்படிச் சொல்லணும்னு நெனக்கல தம்பி. மெதுவா, நல்ல நேரம் பாத்துச் சொல்லணும்னு இருந்தேன். கோவத்துல வந்துட்டு. மெற்றி வாயில வச்சத மெல்லாம அப்படியே இருக்கா. செசிலி தட்ட எடுத்துக்கிட்டு எந்திச்சுப் போயிட்டா. பைப்புல தண்ணி ரொம்ப நேரம் விழுந்துக்கிட்டு இருந்துது.

மறுநா மெற்றி என்ன மாதா கோயில் முக்குல வச்சுப் பிடிச்சுக்கிட்டா. "அத்தான், மாதா திருவிழாக் கொடியேத்தத்துக்குக்கூட இருக்கமாட்டியளா?"ன்னா. கம்பெனியில கேப்பானுவன்னேன். அவ சுத்திப் பாத்துட்டு, அக்கா சொல்லக்கூடாதுன்னா, நான் சொல்லுதேன்னு சொன்னா.

நேர்ச்ச தம்பி. மாதாவுக்கு நேந்திருக்கா. கல்யாணம் முடிஞ்சு நான் மொத மொத கப்பல் ஏறின அன்னைக்கே கோயில்ல போயி முழங்கால் போட்டு, அவரு தண்ணியில இருக்க வரைக்கும் தண்ணியில உள்ள எதையும் வாயில வைக்க மாட்டேன், அவரப் பத்திரமா கொண்டாந்து சேருன்னு நேந்திருக்கா. ஒவ்வொரு தடவையும் நான் வீட்டுக்கு வந்து சேந்ததும் திம்பாளாம். போனதும் விட்டுருவாளாம். எங்க சனத்துல நேர்ச்ச புதுசில்ல, முடி எறக்குவாவ, ஒரு வேள உபவாசம் இருப்பாவ. ஆனா கடக்கரையில பொறந்தவ மீனத் தொடாம இருக்கதுன்னா! போன்ல கேப்பேன், இன்னைக்கி என்னளே கொழம்புன்னு. பருப்பும்பா. புளிக்கொழம்பும்பா. சிக்கனமா இருக்கான்னு நெனச்சேன் நான். ஒருதடவ ஐரோப்பா பக்கம் பிஸ்கே கடல்ல புயலு, சட்டி பானையெல்லாம் என் தலைக்கு மேல பறந்துச்சு, அடுக்கள தரையில ரெண்டு நாளு படுத்துக் கெடந்தேன். அப்பவும் இங்க பருப்புதான்.

"அப்ப சரி, நான்தான் வந்துட்டேனே, ஜனவரியிலேயே தின்னிருக்கலாமே?"ன்னு மெற்றிட்ட கேட்டேன். அதுக்கு அவ சொல்லுதா, இந்தத் தடவ அக்கா மாத்தி நேந்துட்டாளாம். கிறிஸ்மஸ்ஸுக்கு நான் போன் பண்ணி, இதான் கடேசின்னு சொன்னேன்லா, அன்னைக்கி. அவரு இனிமே போவமாட்டாருன்னு என் மனசுக்குத் தெரியணும், அன்னைக்குத்தான் திம்பேன்னு. மனசுக்குத் தெரியணுமாம். மனசுக்கு எப்படித் தெரியும்? நான் என்ன பத்தரமா எழுதிக் குடுக்க?

வீட்டுக்கு ஓடினேன் தம்பி, இந்த வயசுல. "நீ சொல்லியிருக்கப்படாதா? ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஏஜெண்டு மூஞ்சியில போன அடிச்சு வச்சிருப்பேனே!"ன்னேன். "நேந்தத ஒங்ககிட்டச் சொன்னா அது பேரம்லா. நீங்களா இருக்கணும்னு நெனச்சேன்"னா. கோவமா சொல்லல. கோவமா சொல்லியிருந்தா நான் பதிலுக்குக் கோவப்பட்டுருப்பேன், அது எனக்கு வரும். "இப்பச் சொல்லு, போவாதிங்கன்னு சொல்லு, டிக்கெட்டக் கிழிச்சுப் போடுதேன்"னேன். சத்தியமா கிழிச்சிருப்பேன். அவ என்னப் பாத்தா. பெறவு, "சனிக்கெழம பஸ்ஸுல சாப்பிட இட்லி கட்டித் தரவா, இல்ல சப்பாத்தியா?"ன்னு கேக்கா.

எனக்கும் வீம்பு இருக்குலா? இட்லின்னேன்.

ஒரு வார்த்த தம்பி. போவாதிங்கன்னு ஒரு வார்த்த. அது வாயில வரல பாருங்க. எல்லாரும் என்னத்தான் சொல்லுவாவ, விட்டுட்டுப் போயிட்டான்னு. சொல்லாதவள யாரும் சொல்லமாட்டாவ.

நேத்து சாயங்காலம் கடேசியா ஒருக்கா செஞ்சு வச்சேன். வீம்புக்குத்தான். நாலு துண்டு. மூடி, மேல ஒரு தாளு ஒட்டி, கப்பல்ல எழுதுற மாதிரி பேரு எழுதி வச்சேன். செசிலின்னு. திங்கமாட்டா. மெற்றிக்குக் குடுப்பா, இல்ல பூனைக்குப் போடுவா. இருந்தாலும் வச்சேன்.

எந்த ஊரு இது? காரியாபட்டியா? ஒரு நிமிசம் தம்பி, போனு அடிக்குது.

அலோ. சொல்லு மெற்றி. இல்ல, இன்னும் மதுர வரல... யாரு? செசிலியா? என்னது? மெற்றி, சத்தமா சொல்லு, வண்டியில கேக்கல. தின்னுட்டாளா! நாலையுமா? ஏளே, நெசமாவா? எப்ப... சரி. சரி. கோயிலுக்கா? ... என்னன்னு சொன்னா? ... அப்படியா சொன்னா? ... ம். ... ம். இல்ல, ஒண்ணுமில்ல. சரி, வை.

தின்னுட்டா தம்பி!

மெற்றி வீட்டுக்குப் போயிருக்கா, அக்கா தனியா இருப்பாளேன்னு. இவ ஃபிரிட்ஜு கதவத் தொறந்து வச்சுக்கிட்டு, நின்னபடியே, கையால எடுத்து, நாலு துண்டையும் தின்னாளாம். உப்பு சரியா இருக்குன்னாளாம். உப்பு சரியா இருக்கு! நான் சொன்னேன்லா, ஒரு நுள்ளு கூடப் போடணும்னு, சொன்னேன்லா? நல்லாத்தான் செய்யுதாருன்னாளாம். ஆறு மாசம் தம்பி! கடேசியில ஜெயிச்சது யாரு? இந்தக் கஸ்பார்கிட்ட...

நீங்க ஏன் அப்படிப் பாக்கிய?

இல்ல, கோயிலுக்குப் போயிட்டு வந்துதான் தின்னாளாம். நான் கெளம்பின ஒடனே போயிருக்கா. மாதாட்ட சொல்லிட்டு வந்துட்டாளாம், அவரு போயிட்டாரு, இனிமே அவருக்காக நான் நேரல, அவரு பாட்ட அவரு பாத்துக்கிடட்டும், எனக்குப் பசிக்குதுன்னு. எனக்குப் பசிக்குதுன்னு சொன்னாளாம் மாதாட்ட. மெற்றி அத சொல்லும்போது அழுதா. செசிலி அழலயாம். தட்டக் கழுவி வச்சுட்டு, சாயங்காலம் ஏலத்துக்குப் போவோமா, நண்டு வந்திருக்கும்னாளாம்.

நல்லதுதான். தின்னுட்டுப் போட்டும். இருபத்தேழு வருஷம்... நல்லாத் தின்னட்டும். நான் என்ன வேண்டாம்னா சொன்னேன்? ஒரு துண்டு தின்னுன்னு கெஞ்சினவனே நான்தான.

ஒண்ணு சொல்லவா தம்பி? கப்பல் ஏறும்போது நான் பயந்ததே கெடையாது. மத்தவனெல்லாம் செலுவ போட்டுட்டு ஏறுவான், நான் விசிலடிச்சுக்கிட்டு ஏறுவேன். எனக்குத் தைரியம் ஜாஸ்தின்னு நெனச்சிருந்தேன். இப்பப் பயமா இருக்கு. மெய்யாலுமே பயமா இருக்கு. ஒங்ககிட்டச் சொல்ல வெக்கமாவும் இருக்கு.

திரும்பிப் போனா கதவத் தொறப்பா. தொறக்காம இருக்கமாட்டா. சோறு போடுவா, கொழம்பு ஊத்துவா, அவளும் ஒரு துண்டு எடுத்துப்பா. ஆனா வந்துட்டியளான்னு கேக்கமாட்டா தம்பி. இனிமே கேக்கமாட்டா.

மண்டேலா நகராங்காரா கண்டக்டரு? ஆமா, எனக்குத்தான். மேல இருக்க அந்தப் பெட்டிய மட்டும் கொஞ்சம் எறக்கிக் குடுங்க. எறங்கி இந்தப் பக்கம் போனா ஏர்போட்டு, ரோட்டத் தாண்டி அந்தப் பக்கம் நின்னா தூத்துக்குடி பஸ்ஸு. எந்தப் பக்கம் போனாலும் இனி எனக்குன்னு மீன் திங்காம இருக்க ஒரு ஆளு கெடையாது.